வங்கி வரவு வேறு, வருமானம் வேறு

பெங்களூரு சிவாஜிநகர், அல்சூர், சிக்பேட்டை, ஸ்ரீராமபுரம், கே.ஆர். மார்க்கெட் பகுதிகளில் கடை வைத்திருக்கும் தமிழ்ச் சிறுவணிகர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் எழுதியது இது.

முடிந்துபோன ஓர் ஆண்டின் கணக்கை வருமான வரித் துறை மறுபடி பிரித்துப் பார்ப்பதற்குப் பெயர் மறுமதிப்பீடு. வருமான வரிச் சட்டம், 1961இன் 147ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. 148, 148ஏ, 149, 151 ஆகிய பிரிவுகள் அந்த அதிகாரத்துக்கு எல்லை வகுக்கின்றன. வரிக்கு உட்பட வேண்டிய வருமானம் தப்பிவிட்டது என்று காட்டும் தகவல் அதிகாரியின் கையில் இருந்தால்தான் கணக்கைத் திறக்கலாம். முன்பு ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட விஷயத்தையே இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது என்பதற்காகத் திறக்கக் கூடாது என்று 2010இல் கெல்வினேட்டர் ஆஃப் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு சிறுவணிகருக்கு உதவும் சந்தர்ப்பம் குறைவு. அவருடைய கணக்கைப் பெரும்பாலும் யாரும் முன்பு ஆராய்ந்திருக்கவே மாட்டார்கள். பல வழக்குகளில் அந்த ஆண்டுக்கு ரிட்டர்னே தாக்கல் ஆகியிருக்காது.

சிறுவணிகரைப் பற்றிய தகவல் மொட்டைக் கடிதத்தில் போவதில்லை, வங்கியே அனுப்புகிறது. ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நடப்புக் கணக்கில் இந்த வரம்பு 50 லட்சம். 30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலமோ வீடோ கைமாறினால் சார்பதிவாளர் அலுவலகம் தெரிவிக்கும். பணமதிப்பு நீக்கத்தின்போது, 2016 நவம்பர் 9 முதல் டிசம்பர் 30 வரையிலான 52 நாட்களுக்கு மட்டும் சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு வரம்புகள் முறையே 2.5 லட்சமாகவும் 12.5 லட்சமாகவும் இறக்கப்பட்டன. இவையெல்லாம் பான் எண்ணோடு கோக்கப்பட்டுக் கணினியில் காத்திருக்கும். ரிட்டர்னில் காட்டிய விற்பனையும் வங்கி வரவும் பொருந்தாவிட்டால் அந்தப் பெயர் தனியே எடுத்து வைக்கப்படும். 2021 ஏப்ரல் முதல், கணினி இப்படிப் பொறுக்கி எடுப்பதையே சட்டம் ‘தகவல்’ என்று ஏற்றுக்கொள்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நாடு முழுவதிலிருந்தும் வரும் ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் மத்தியச் செயலாக்க மையம் பெங்களூருவில்தான் இருக்கிறது. அங்கிருந்து 143(1) பிரிவின் கீழ் வரும் அறிவிப்பு கூட்டல் கழித்தல், டிடிஎஸ் பொருத்தம் போன்றவற்றைப் பற்றியது. 148ஏ நோட்டீஸ் அப்படிப்பட்டதல்ல. இரண்டும் ஒரே மின்னஞ்சல் பெட்டிக்கு வருவதால், “ரீஃபண்ட் சம்பந்தமா ஏதோ வந்திருக்கு” என்று இரண்டாவதையும் ஒதுக்கிவிடுகிற கடைக்காரர்கள் பலர்.

அப்படி ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதை வரிவிகிதம் சொல்லும். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 2020-21 நிதியாண்டில் கடைக்காரரின் சேமிப்புக் கணக்கில் மொத்தம் 36 லட்சம் ரூபாய் வரவு, எல்லாமே விற்பனைப் பணம். 44ஏடி பிரிவின்படி ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டியிருந்தால் வருமானம் 2.88 லட்சம், 87ஏ பிரிவின் தள்ளுபடி போக வரி எதுவும் இல்லை. அதே 36 லட்சத்தை அதிகாரி 69ஏ பிரிவின் கீழ் ‘விளக்கம் இல்லாத பணம்’ என்று சேர்த்துவிட்டால் கணக்கே வேறு. 115பிபிஇ பிரிவு அதற்கு 60 சதவீத வரி போடுகிறது. அந்த வரியின் மேல் 25 சதவீதக் கூடுதல் வரி, அதற்கும் மேல் 4 சதவீத மேல்வரி. ஆக 78 சதவீதம், அதாவது 28.08 லட்சம். செலவு கழிக்க முடியாது, நஷ்டத்தை ஈடுகட்ட முடியாது, அடிப்படை விலக்கு வரம்பும் கிடையாது. 271ஏஏசி பிரிவின்படி அந்த 60 சதவீத வரியில் 10 சதவீத அபராதம், அது 2.16 லட்சம். வட்டி இன்னும் சேரவில்லை. ஒரு ரூபாய்கூட வரி இல்லாத கடைக்காரர் 30 லட்சத்துக்கு மேல் கடனாளி ஆகிவிடுகிறார்.

இந்த 60 சதவீத விகிதம் பணமதிப்பு நீக்கத்தின் நடுவில் பிறந்தது. அதற்கு முன் 30 சதவீதமாக இருந்ததை, 2016 டிசம்பர் 15 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தச் சட்டம் இரட்டிப்பாக்கி, 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்தே அமலுக்குக் கொண்டுவந்தது. அதாவது திருத்தம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்த பரிவர்த்தனைகளுக்கும் புதிய விகிதத்தைத் துறை போட்டது. அது செல்லாது, 2017 ஏப்ரல் 1 முதல் நடந்தவற்றுக்கே உயர்ந்த விகிதம் பொருந்தும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. பணமதிப்பு நீக்கக் கால வழக்கு எந்தக் கட்டத்தில் நிலுவையில் இருந்தாலும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டத் தவறக் கூடாது.

நோட்டீஸ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தேதி. 2024 செப்டம்பர் 1 முதல் உள்ள விதிப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் 148ஏ நோட்டீஸும், மூன்று ஆண்டு மூன்று மாதங்களுக்குள் 148 நோட்டீஸும் வந்துவிட வேண்டும். தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் இந்தக் கெடு ஐந்து ஆண்டு, ஐந்து ஆண்டு மூன்று மாதம் என்று நீளும். நிதியாண்டையும் மதிப்பீட்டு ஆண்டையும் குழப்பிக்கொண்டால் இங்கே கணக்கு தவறும். 2020-21இல் நடந்த வியாபாரத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2021-22, அது முடிவது 2022 மார்ச் 31. மேலே சொன்ன மளிகைக் கடையின் முழு வரவுமே 36 லட்சம்தான் என்பதால், 2025 மார்ச் 31க்குப் பிறகு அந்த ஆண்டுக்கு 148ஏ நோட்டீஸ் வந்தால் அது காலாவதியானது. ஐம்பது லட்ச வரம்பைத் தாண்டும் கணக்காக இருந்தால் 2027 மார்ச் வரை வரலாம்.

அந்த 50 லட்சம் எதைக் குறிக்கிறது என்பதிலும் வாதத்துக்கு இடமுண்டு. மொத்த விற்பனையையோ, விற்ற வீட்டின் முழு விலையையோ ‘தப்பிய வருமானம்’ என்று எழுதி வரம்பைத் தாண்டியதாகக் காட்டும் வழக்கம் துறையில் இருக்கிறது. 2023இல் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு சொத்து விற்பனை வழக்கில் இதை ஏற்கவில்லை. விற்பனைத் தொகை 50 லட்சத்தைத் தாண்டினாலும், கொள்முதல் விலை போக மிஞ்சும் லாபம்தான் வரிக்கு உட்படும் வருமானம், வரம்பை அதைக் கொண்டே அளக்க வேண்டும் என்று சொல்லி நோட்டீஸை ரத்து செய்தது. தன் மாநில உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு என்பதால் பெங்களூரு வணிகர் இதைக் கூடுதல் உரிமையோடு எடுத்துவைக்கலாம்.

பழைய ஆண்டுகளின் கதை சிக்கலானது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறை மாறியது. கணக்கைத் திறப்பதற்கு முன்பே காரணம் காட்டச் சொல்லும் 148ஏ பிரிவு அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. துறையோ, கொரோனா காலக் கெடு நீட்டிப்பைச் சொல்லி, அதற்குப் பிறகும் பழைய முறையிலேயே சுமார் 90,000 நோட்டீஸ்களை அனுப்பியது. ஆஷிஷ் அகர்வால் வழக்கில் 2022 மே 4 அன்று உச்சநீதிமன்றம் அவற்றையெல்லாம் 148ஏ நோட்டீஸ்களாகக் கருதச் சொன்னது. 2024 அக்டோபர் 3 அன்று ராஜீவ் பன்சால் வழக்கில், கெடுவில் எத்தனை நாள் மிச்சம் இருந்ததோ அத்தனை நாளுக்குள்தான் அடுத்த நோட்டீஸ் வந்திருக்க வேண்டும் என்றது. 2015-16 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2021 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த நோட்டீஸ்களைக் கைவிட வேண்டியிருக்கும் என்று அந்த வழக்கில் துறையே ஒப்புக்கொண்டது. 2013-14 முதல் 2017-18 வரையிலான ஆண்டுகளுக்கு மேல்முறையீடு நிலுவையில் வைத்திருப்பவர் தன் ஆடிட்டரிடம் இந்த நாள் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். கணக்கு சாதகமாக வந்தால் மற்ற வாதங்களுக்கே வேலை இல்லை.

தேதிக்கு அடுத்தது அனுமதி. இப்போது கூடுதல் ஆணையர் அல்லது இணை ஆணையர் நிலையில் உள்ளவர் முன்கூட்டியே ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ஒப்புதல் என்பது மனம் செலுத்திப் பார்த்துத் தருவது, வெறும் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதாது என்பது 1971இல் சுகமல் ராஜ்பால் வழக்கிலேயே முடிவான விஷயம். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் ஒவ்வொரு கடிதத்திலும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் துறையின் இணையப் போர்ட்டலில் போட்டுச் சரிபார்த்தால் போலி நோட்டீஸ் தெரிந்துவிடும்.

148ஏ நோட்டீஸுக்குத் தரும் முதல் பதிலே வழக்கு. இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும். முந்தைய நடைமுறையில் பதிலுக்கு 7 நாள் முதல் 30 நாள் வரை என்று சட்டமே வரையறுத்திருந்தது. இப்போது நோட்டீஸில் குறிப்பிடும் கெடுதான் கெடு. அந்தக் கெடுவுக்குள் பதில் போகாவிட்டால், இருக்கிற காகிதங்களை வைத்து அதிகாரி உத்தரவு போட்டு 148 நோட்டீஸ் அனுப்புவார். அதற்கும் பதில் இல்லையென்றால் 144ஆம் பிரிவின்படி தன் மதிப்பீட்டில் ஒரு தொகையை வருமானம் என்று எழுதுவார். பெரும்பாலும் அது வங்கி வரவின் மொத்தத் தொகையாகவே இருக்கும். பிறகு மேல்முறையீட்டு ஆணையர், வருமான வரித் தீர்ப்பாயம், உயர்நீதிமன்றம் என்று எங்கே போனாலும் முதலில் எழும் கேள்வி, இந்த ஆவணத்தை அதிகாரியிடம் ஏன் தரவில்லை என்பதுதான். நேர்மையாக நடத்திய கடைக்கு 78 சதவீதம் வரி விழுவது பெரும்பாலும் இந்த மௌனத்தால்தான்.

மௌனத்துக்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. வணிகரின் பான் எண்ணோடு பதிவான மின்னஞ்சல் பழைய ஆடிட்டருடையதாகவோ, வேலையை விட்டுப்போன கணக்கப்பிள்ளையுடையதாகவோ, வெளியூரில் படிக்கும் மகனுடையதாகவோ இருக்கிறது. நோட்டீஸ் பெரும்பாலும் தபாலில் வருவதில்லை. கடைக்காரர் அதைப் பற்றி முதன்முதலில் கேள்விப்படுவது வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட நாளில்தான். சங்கங்கள் இதில் உடனே இறங்கலாம். உறுப்பினர் ஒவ்வொருவரின் போர்ட்டலிலும் சொந்தக் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவும், மாதம் ஒரு முறை நிலுவை நடவடிக்கைகளைத் திறந்து காட்டவும் கணினி தெரிந்த ஒருவரை அமர்த்தினால் பல குடும்பங்கள் தப்பும்.

பதிலைத் தயாரிக்கும் வேலை வங்கி ஸ்டேட்மென்ட்டில் தொடங்குகிறது. வரவுப் பத்தியை ஒவ்வொரு வரியாகப் பார்த்து, எதிரே அந்தப் பணம் வந்த வழியை எழுத வேண்டும். அப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் மொத்தத்தில் எவ்வளவு வெற்றுத் தொகை என்பது புரியும். நடப்புக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு மாற்றிய பணம் இரண்டு இடத்திலும் வரவாக ஏறியிருக்கும். திரும்பி வந்த காசோலை ஒரு வரவு. முதிர்ந்த வைப்புத்தொகை ஒரு வரவு. நகைக்கடன், எடுத்த சீட்டு, மாமனார் அனுப்பிய பணம், இடத்தை விற்ற முன்பணம் என்று எல்லாமே கணினிக்கு வரவுதான். இவற்றைக் கழித்தபின் மிஞ்சுவது விற்பனை. விற்பனையிலும் வருமானம் என்பது அதன் லாபம் மட்டுமே. இந்த அட்டவணையோடு பாஸ்புக் நகல், சீட்டு நிறுவனத்தின் சான்று, அடகு ரசீது, கிரயப் பத்திரம், கொள்முதல் பில்கள், ஜிஎஸ்டி கணக்கு ஆகியவை இணைந்தால் அதிகாரி பக்கத்துக்குப் பக்கம் பதில் சொல்லியாக வேண்டும். துறையிடம் உள்ள தகவலின் நகலைக் கேட்பதும் உரிமை. அதைக் கேட்காமல் பதில் எழுதுவது தவறு.

ரொக்கத்துக்கு வேறு வகையான சாட்சி வேண்டும். வங்கியிலிருந்து எடுத்த பணத்தையே சில மாதம் கழித்துத் திரும்பக் கட்டினேன் என்று சொன்னால், “இத்தனை நாள் சும்மா வைத்திருப்பாரா?” என்று அதிகாரி கேட்பார். எஸ்.ஆர். வெங்கடரத்னம் வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் இதற்கு நேரான விடை தந்திருக்கிறது. இன்ன வங்கியில் இன்ன தேதியில் எடுத்த பணம் என்று காட்டிவிட்டால், சும்மா வைத்திருக்க வாய்ப்பில்லை என்ற ஊகத்தைக் கொண்டு மட்டும் அதைத் தள்ள முடியாது. அந்தப் பணம் வேறெங்கோ செலவானது என்று துறை காட்டினால்தான் நிலைமை மாறும். தேதிவாரியாக எடுத்ததும் கட்டியதும் கையிருப்பும் காட்டும் ரொக்க ஓட்டப் பட்டியல் ஒன்று இந்த வாதத்துக்கு உயிர்.

கைமாற்றுக் கடன் என்ற விளக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. உறவினர் மூன்று லட்சம் ரொக்கமாகக் கொடுத்தார் என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் வரிச்சேர்ப்பு விலகலாம். ஆனால் 269எஸ்எஸ் பிரிவின்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் 271டி பிரிவு வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடம் தருகிறது. உண்மையில் கடனாக வாங்காத பணத்தை வசதிக்காகக் கடன் என்று சொல்பவர் வரியிலிருந்து தப்பி அபராதத்தில் மாட்டுகிறார். உண்மையான கடன் என்றால், அவசரம் என்ன, வங்கி வழியே ஏன் வாங்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் அபராதத்தை 273பி பிரிவு தடுக்கும்.

எந்தப் பிரிவின் கீழ் பணம் சேர்க்கப்படுகிறது என்பதும் முக்கியம். 68ஆம் பிரிவு, வணிகர் பராமரிக்கும் கணக்குப் புத்தகத்தில் வரவாக எழுதப்பட்ட தொகைக்கு உரியது. வங்கி பாஸ்புக் வணிகர் பராமரிக்கும் புத்தகம் அல்ல என்று பம்பாய் உயர்நீதிமன்றம் பாய்சந்த் காந்தி வழக்கில் சொன்னதைத் தீர்ப்பாயங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. கணக்குப் புத்தகமே இல்லாத கடையில், பாஸ்புக்கை மட்டும் வைத்து 68இன் கீழ் சேர்த்தால் அது விழும். 69ஏ பிரிவுக்கு, அந்தப் பணம் வணிகருக்குச் சொந்தமானதாகவும், அவருடைய புத்தகத்தில் ஏறாததாகவும், விளக்கம் திருப்தி தராததாகவும் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தாலும் அதை வருமானமாகக் கருதலாம் என்றுதான் 69ஆம் பிரிவும் 69ஏ பிரிவும் சொல்கின்றன, கருதியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. நூர்ஜஹான் வழக்கில், எர்ணாகுளத்தில் நிலம் வாங்கிய 20 வயதுப் பெண் சொன்ன விளக்கம் ஏற்கப்படவில்லை. ஆனாலும் அந்த வயதில், அந்தச் சூழலில் அவ்வளவு பணத்தை அவர் சம்பாதித்திருக்க முடியாது என்பதால் அதை அவர் வருமானமாகச் சேர்க்கக் கூடாது என்று 1997இல் உச்சநீதிமன்றம் சொன்னது. மனைவி பெயரிலோ வயதான தாய் பெயரிலோ உள்ள கணக்குக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய தீர்ப்பு இது.

இதற்கு நேர் எதிரான பாடம் பெங்களூருவிலிருந்தே உச்சநீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில் இருக்கிறது. கலைப்பொருள், பழம்பொருள் வியாபாரம் செய்துவந்த சுமதி தயாள், 1971-72 மதிப்பீட்டு ஆண்டில் பெங்களூரு, மதராஸ், ஹைதராபாத் குதிரைப் பந்தயங்களில் ஜாக்பாட்டாகவும் வேறு வகையாகவும் 3,11,831 ரூபாய் வென்றதாகக் காட்டினார். அப்போது பந்தய வெற்றிக்கு வரி இல்லை. பணம் பந்தய மன்றங்களிலிருந்தே வந்தது, ஆவணத்தில் ஓட்டை இல்லை. ஆனால் ஜாக்பாட் என்பது ஒரே நாளின் ஐந்து பந்தயங்களிலும் ஜெயிக்கும் குதிரைகளைச் சரியாகச் சொல்வது. பந்தய அனுபவம் அதிகம் இல்லாத ஒருவர் மூன்று ஊர்களில், சில பருவங்களுக்குள், திரும்பத் திரும்ப அதை வெல்வது நடக்கக்கூடியதா? பந்தய நாட்களில் டிக்கெட் வாங்க அவர் புத்தகத்திலிருந்து பணம் எடுத்ததற்கும் பதிவு இல்லை. ஜெயித்த டிக்கெட்டுகளைப் பிறகு விலைகொடுத்து வாங்கியிருக்க வேண்டும் என்ற முடிவை 1995 மார்ச் 28 அன்று உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. மனித வாழ்க்கையில் எது நடக்கும், எது நடக்காது என்ற அளவுகோல் இந்த வகை வழக்குகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. காகிதம் மட்டும் இருந்து கதை நம்பும்படி இல்லையென்றால் தோல்விதான். அதே அளவுகோல் வணிகருக்குச் சாதகமாகவும் திரும்பும். தள்ளுவண்டியில் பழம் விற்பவர் ஓர் ஆண்டில் 36 லட்சம் சம்பாதித்தார் என்பதும் நடக்கக்கூடியதல்ல, அந்த வாதத்தைத் துணிந்து வைக்கலாம்.

பணமதிப்பு நீக்க வழக்குகளில் பெங்களூரு தீர்ப்பாயம் வணிகர் பக்கம் நின்ற உத்தரவுகள் உண்டு. 2016 நவம்பர் 8க்குப் பிறகு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை வாங்கிச் சரக்கு விற்றது தவறு, ஆகவே அந்த வங்கி வரவு விளக்கமற்றது என்பது துறையின் வாதம். 2021 டிசம்பரில் ஒரு வணிகரின் வழக்கில், அந்தப் பணம் விற்பனையாகப் புத்தகத்தில் ஏறி, வருமானக் கணக்கிலும் சேர்ந்துவிட்டது, அதையே மறுபடி 68இன் கீழ் சேர்ப்பது ஒரே தொகைக்கு இரண்டு முறை வரி போடுவது என்று தீர்ப்பாயம் அந்தச் சேர்ப்பை நீக்கியது. அந்த நோட்டுகள் ரிசர்வ் வங்கியின் பொறுப்பிலிருந்து சட்டப்படி விலகியதே 2016 டிசம்பர் 31 அன்றுதான். வணிக வருமானம் இல்லாத தனிநபரின் 2.5 லட்சம் வரையிலான ரொக்க வரவையும், 70 வயதைக் கடந்தவரின் 5 லட்சம் வரையிலான வரவையும் மேற்கொண்டு சரிபார்க்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே 2017 பிப்ரவரி 21 அன்று அறிவுறுத்தியது. இல்லத்தரசிகளின் சிறுவாட்டுப் பணத்துக்கு அந்த அறிவுறுத்தல் பெரிய அரண். வாரியம் 2019 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டல், முந்தைய ஆண்டின் அதே மாதங்களின் ரொக்க விற்பனையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. அந்த ஒப்பீட்டை வணிகரே முந்திக்கொண்டு போட்டுக் கொடுப்பது நல்லது.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளைக் கொண்டு சிறுகடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியபோது, பெங்களூருவின் பல கடைகளில் க்யூஆர் அட்டை இறங்கி, ‘யுபிஐ இல்லை’ என்ற எழுத்து ஏறியது. அது வேறு துறை, வேறு சட்டம். அங்கே பொருளுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற விற்றுமுதல் வரம்பு பற்றிய கேள்வி. ஆனால் அட்டையைக் கழற்றியது தவறான முடிவு. நடந்து முடிந்த வரவை அது அழிக்காது. யுபிஐ வரவில் கொடுத்தவர் பெயரும் நேரமும் தாமாகவே பதிவாகின்றன, 44ஏடி பிரிவிலும் அதற்கு 8 சதவீதத்துக்குப் பதில் 6 சதவீத லாபம் போதும். ரொக்கத்துக்கு இந்தச் சாட்சிகள் எதுவும் இல்லை.

148 நோட்டீஸ் வந்துவிட்டால் அதில் சொன்ன கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்வது கட்டாயம். தாக்கலான ரிட்டர்னை ஏற்காமல் ஆராய விரும்பும் அதிகாரி 143(2) நோட்டீஸ் தர வேண்டும். தராமல் போட்ட மறுமதிப்பீடு நிற்காது என்று தீர்ப்பாயங்களும் உயர்நீதிமன்றங்களும் பலமுறை சொல்லியிருக்கின்றன. விசாரணை, அதிகாரியை நேரில் சந்திக்காத முகமற்ற முறையில் நடக்கும். காணொலி வழியே பேச வாய்ப்பு கேட்டு எழுதினால் அதைத் தர வேண்டும்.

உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் படிவம் 35இல் மேல்முறையீடு. கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய். ரிட்டர்னே தாக்கல் செய்யாதவர் முன்வரிக்குச் சமமான தொகையைக் கட்டினால்தான் மேல்முறையீடு ஏற்கப்படும் என்று 249(4) சொல்வதால், நோட்டீஸுக்குப் பதிலாக ரிட்டர்ன் போடாமல் விட்டவர் இங்கே இன்னொரு முறை அடிபடுகிறார். அதிகாரியிடம் தராத ஆவணத்தை 46ஏ விதியின்படி காரணம் சொல்லிக் கொடுக்கலாம். 2024 அக்டோபர் முதல், 144இன் கீழ் போட்ட உத்தரவை மேல்முறையீட்டு ஆணையர் மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பவும் முடியும். இதற்கிடையில் டிமாண்டை நிறுத்திவைக்கத் தனியாக மனு போட வேண்டும். 2017 ஜூலை 31 அன்றைய வாரியக் குறிப்பு 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்திவைக்கலாம் என்கிறது. அதற்கும் குறைவாக வாங்க அதிகாரிக்குத் தடை இல்லை என்று 2018இல் எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மனு போடாமல் மேல்முறையீடு மட்டும் போட்டால் வங்கிக் கணக்கைத் துறை கைப்பற்றுவதற்குத் தடையேதும் இல்லை.

ஆணையர் உத்தரவும் பாதகமானால், அது கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பாயம். உண்மை விவரங்களை முழுமையாக எடைபோடும் கடைசி இடம் அதுதான், உயர்நீதிமன்றம் சட்டக் கேள்விகளை மட்டும் கேட்கும். அபராதம் தனி நடவடிக்கை. எந்தக் குற்றச்சாட்டுக்காக அபராதம் என்று நோட்டீஸ் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று, முந்தைய 271(1)(சி) பிரிவு பற்றிய மஞ்சுநாதா காட்டன் வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் வகுத்த நெறியை நாடெங்கும் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுகின்றன.

நேரே ரிட் மனுவோடு உயர்நீதிமன்றத்துக்குப் போகும் ஆசை பலருக்கு உண்டு. காலக்கெடு கடந்தது, உரிய அதிகாரியின் ஒப்புதல் இல்லை, தந்த பதிலைப் பார்க்காமலே உத்தரவு போட்டார்கள் என்பது போன்ற அடிப்படைக் குறைகளுக்கே அந்த வழி பயன்படும். பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ரிட் நீதிமன்றம் விசாரிக்காது, மேல்முறையீட்டுக்குப் போகச் சொல்லும். அதற்குள் 30 நாள் கெடுவும் போயிருக்கும்.

புதிய வருமான வரிச் சட்டம், 2025இன் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர்கள் போய் ‘வரி ஆண்டு’ ஒன்றே இருக்கும். விளக்கமற்ற வரவு, முதலீடு, சொத்து, செலவு ஆகியவை 102 முதல் 105 வரையிலான பிரிவுகளிலும், மறுமதிப்பீடும் அதன் நோட்டீஸும் கெடுவும் 279 முதல் 282 வரையிலான பிரிவுகளிலும் இடம்பெறுகின்றன. அந்தத் தேதிக்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குகளைத் திறப்பதும் விசாரிப்பதும் 1961 சட்டத்தின்படியே தொடரும். ஆகவே வரும் சில ஆண்டுகளுக்குப் பெங்களூருக் கடைக்காரர் கையில் கிடைக்கும் பெரும்பாலான நோட்டீஸ்களில் 148ஏ என்ற எண்ணே இருக்கும்.